கதவைத் திறந்ததும் வரும் செய்தி

நேற்றுக் காலை உன் அப்பாவின் ஃப்ரிட்ஜ் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை.

வெள்ளவத்தை வீட்டுப் பல்கனியில் தேநீரோடு ஃபோனைப் பார்த்தபடி நின்றேன். கீழே பாண் விற்கிற ஓட்டோ தன்னுடைய ஒரே பாட்டைப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் வந்து, கடல் பக்கம் போய்த் திரும்பி, காலி வீதிக்கே போய்விட்டது. வழக்கமாக அதற்கு முன்னரே அந்த வரி வந்துவிடும். "அப்பா: இருக்கிறேன். கதவு திறந்தது. குளிர் சரி." நீ எழுதி வைத்த சொற்கள்தான். காலையில் இன்சுலின் எடுக்க உன் அப்பா ஃப்ரிட்ஜைத் திறப்பார். முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் நீ ஒட்டிய உணரியில் வெளிச்சம் விழும். அதிலிருந்து மெல்லிய வயர் ஒன்று கதவு ரப்பருக்குள்ளால் வெளியே வந்து, ஃப்ரிட்ஜின் தலையில் இருக்கும் சின்னப் பெட்டிக்குப் போகும். பெட்டி விழித்துக்கொண்டு தன் வயிற்றுக்குள் தூங்குகிற மொடெமை எழுப்பும். கொட்டாஞ்சேனையிலிருந்து எனக்கு ஒரு வரி வரும்.

நீ போன பிறகும் அது தவறாமல் வந்துகொண்டிருந்தது. வீட்டில் ஆறிப்போன தேநீரைக் குடிக்கிறவளாக நான் மாறியதற்கு அந்த வரிதான் காரணம். அது வருகிறவரைக்கும் எதுவும் உள்ளே இறங்காது. வந்த பிறகு, சரி, மனிதர் எழும்பிவிட்டார், ஊசியையும் போட்டுவிடுவார் என்று மூச்சு விடுவேன். நேற்று அந்த மூச்சை விட முடியவில்லை. அவருடைய ஃபோனுக்கு அடித்தேன். அடித்து அடித்து ஓய்ந்தது. அவர் ஃபோனை எடுக்காதது புதிதல்ல; அதை மேசையில் வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போகிற ஆள்தான். ஆனால் ஊசி போடாமல் பூசைக்குப் போகமாட்டார். ஊசி போடுவதென்றால் கதவைத் திறக்க வேண்டும். கதவைத் திறந்தால் எனக்குத் தெரிய வேண்டும்.

மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு, தலை வாராமல் இறங்கி ஓடினேன். ஒழுங்கை முனையில் நின்ற ஓட்டோக்காரன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நோனா, கொஹேட்டத?" என்று எங்கே போக வேண்டும் எனச் சிங்களத்தில் கேட்டான். "கொட்டஹேன. இக்மனட்ட யமு மல்லி," என்றேன். அவசரமாகப் போகச் சொன்னால் கொழும்பில் எந்த வீதி போகவிடுகிறது? பம்பலப்பிட்டிக்குள்ளேயே நின்றுவிட்டோம்.

அந்த நெரிசலுக்குள் உட்கார்ந்துகொண்டு உன்னோடு சண்டை பிடித்தேன். சத்தமாக அல்ல. இந்தப் பெட்டியை ஏன்டி செய்தாய் என்று கேட்டேன். பெட்டி இல்லாவிட்டால் உன் அப்பா எழும்பினாரா இல்லையா என்று ஒவ்வொரு காலையும் நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கத் தேவையில்லை. மற்றவர்களைப் போல ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு தரம் போய்ப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

நாங்கள் இரண்டு பேரும் வேலையை விட்டுவிட்டு இந்தத் தொழிலைத் தொடங்கினபோது, ஃப்ரிட்ஜுகளுக்கு வாய் வைத்துக் கொடுக்கிறோம் என்று சொல்லித் திரிந்தேன். வாய் வைப்பது சுலபம் என்று நினைத்தேன். செய்தியை எழுதுவதும் அனுப்புவதும் என் பங்கு. அந்த வாய்க்குக் கரண்ட் என்கிற சோறு போடுவது உன் பங்கு. பெட்டிக்குள் இரண்டு பேர் இருந்தார்கள்: குளிரைப் பார்த்துக் கணக்கெடுக்கிற பலகை ஒன்று, வெளியுலகத்தோடு பேசுகிற மொடெம் ஒன்று. பலகை ஒரு கரண்டியால் சாப்பிடும். மொடெம் பேச வாயைத் திறந்தால் பானையையே கவிழ்த்துவிடும். அதனால் அதற்கு நீ மாப்பிள்ளை என்று பெயர் வைத்தாய். பலகைக்குப் பெயர் மாமி.

முதலாவது பெட்டியை உன் மேசையில் ஓட்டிப் பார்த்தது நினைவிருக்கிறதா? மொடெம் டவரைக் கூப்பிட்ட அதே கணத்தில் பலகைக்குப் போகிற மின்னழுத்தம் விழுந்து, பலகை மயங்கிப்போனது. மறுபடி உயிர் வந்ததும் அதற்கு முதல் ஞாபகம், ஐயோ செய்தி அனுப்பவில்லையே என்பதுதான். உடனே மொடெமை எழுப்பியது. உடனே மறுபடி மயங்கியது. பச்சை விளக்கு எரிந்து அணைந்து எரிந்து அணைந்து, எங்கள் தொழிலின் முதல் பொருள் மேசையில் காக்கை வலிப்பு வந்ததுபோலத் துடித்தது. நான் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

"மாப்பிள்ளை படி ஏற மாமி மயங்கி விழுறா, பாரடி!" என்றாய். பிறகு என்னோடு மருதானைக்கு வந்து, கொஞ்சம் கரண்ட்டைச் சேர்த்து வைத்துத் தேவையான நேரத்தில் கொட்டுகிற கெப்பாசிட்டர் ஒன்றை, சுண்டுவிரல் பருமனில், தேடி வாங்கினாய். "மாப்பிள்ளை வாறார் எண்டா கதிரை, சோடா எல்லாம் முதல்லயே ரெடியா இருக்கோணும். வந்த பிறகு கடைக்கு ஓடக்கூடாது." பலகைக்கு நீ எழுதிக் கொடுத்த ஒழுங்கும் அப்படித்தான் இருந்தது. மாப்பிள்ளை வரட்டும், சொல்ல வேண்டியதைச் சொல்லட்டும், உடனே போய்ப் படுக்கட்டும். விறாந்தையில் இருந்து அரசியல் பேச விடாதே. கரண்ட் போனாலும் சின்னப் பற்றரி ஒன்றில் பெட்டி நாள்கணக்கில் கிடக்க வேண்டும் என்றால் வேறு வழி இல்லை. மொடெமைத் தேவையில்லாமல் எழுப்புகிற எவரையும் உனக்குப் பிடிக்காது. அந்த எவர் பெரும்பாலும் நானாகவே இருந்தேன்.

அதனால்தான் அந்த முதல் விதியை ஒன்றாகச் சேர்ந்து வைத்தோம். குளிர் குறைவது, கதவு திறந்து கிடப்பது போன்ற பிரச்சினை என்றால் மட்டும் பெட்டி பேச வேண்டும். பேசாவிட்டால் எல்லாம் நலம். எவ்வளவு மிச்சம்! இருவரும் எங்கள் கெட்டித்தனத்தை நினைத்து மரக்கறி ரொட்டி வாங்கிச் சாப்பிட்டுக் கொண்டாடினோம்.

முறை வைத்துக் கரண்ட்டை வெட்டின காலம் வந்தது. உங்கள் வீட்டுக்குக் கிட்ட மருந்துக்கடை வைத்திருக்கும், நாங்கள் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் பெரியவர், எங்கள் முதல் வாடிக்கையாளர், உன் அப்பாவுக்கு இன்சுலின் கொடுக்கிறவர், உன்னைக் கூப்பிட்டார். நானும் வந்தேன். கடைக்குள் இருட்டு. நானா ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு மருந்துக் குப்பியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அது வெதுவெதுப்பாக இருந்தது.

"பொட்டி ஒண்டும் செல்லல்லயே மகள்," என்றார். அவர் கத்தியிருந்தால் நல்லது. மெதுவாகச் சொன்னார். "நான் கை வச்சிப் பாக்காம இத வித்திருந்தா? சீனி வருத்தக்காரன் நம்பித்தானே ஊசியப் போடுவான்?"

பெட்டியைப் பார்த்தோம். அது செத்துக் கிடந்தது. கரண்ட் போனதும் பெட்டி சரியாகவே பற்றரிக்கு மாறியிருந்தது. ஆனால் நாள் முழுக்க வெட்டி வெட்டி, பக்கத்து டவருக்கும் பற்றரி தீர்ந்து அதுவும் படுத்துவிட்டது. நாங்கள் வெள்ளவத்தையில் ஜன்னலுக்கு நேரே டவர் தெரிகிற வீட்டில் இருந்து சோதித்தவர்கள். டவரே இல்லாத உலகம் ஒன்று வரும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. குளிர் குறைந்ததும் பலகை மொடெமை எழுப்பியிருக்கிறது. மொடெம் டவரைத் தேடி முழுப் பலத்தோடு கத்தியிருக்கிறது. பதில் இல்லை என்று இன்னும் கத்தியிருக்கிறது. கத்திக் கத்திப் பற்றரியைக் குடித்து முடித்து, தன்னோடு பலகையையும் கொண்டு போய்விட்டது. எந்த நேரத்துக்காக அந்தப் பெட்டியைச் செய்தோமோ அந்த நேரத்தில் அது வாயை மூடிக்கொண்டது. நாங்கள் இரண்டு பேரும் அதை நலம் என்று எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தோம்.

நீ கடைக் கதிரையில் உட்கார்ந்துவிட்டாய். உன் வாயிலிருந்து பகிடி வராத நாள் ஒன்றை அன்றுதான் பார்த்தேன். நானா அந்தக் குப்பிகளை எல்லாம் ஒரு பைக்குள் போட்டு முடிச்சுப் போடுகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தாய். பிறகு சொன்னாய்:

"சும்மா இருக்கிறது வேற, செத்துக் கிடக்கிறது வேற. ரெண்டுக்கும் ஒரே சத்தம்தான்டி."

அதற்குப் பிறகு நீ எல்லாவற்றையும் மாற்றினாய். மொடெமின் கரண்ட்டை அறுக்கிற சுவிட்சைப் பலகையின் கையிலேயே கொடுத்தாய். கொஞ்ச நேரம் தேடட்டும், கிடைக்காவிட்டால் பலகை அதைப் பிடித்துப் படுக்க வைக்கும். அடுத்த முறை இன்னும் கொஞ்சம் பொறுத்து எழுப்பும். மொடெம் செத்தாலும் பலகை சாகாது. இரண்டாவது, நலமோ நலமில்லையோ, நாளுக்கு ஒரு முறை பெட்டி "இருக்கிறேன்" என்று சொல்லியே ஆக வேண்டும். பற்றரி பற்றரி என்று உயிரை விட்ட நீயே அதைச் சொன்னபோது நான் உன் முகத்தைப் பார்த்தேன். மூன்றாவது, செய்தி குறைந்தது இரண்டு பேருக்குப் போக வேண்டும். ஒரே ஒரு எண்ணைப் போட்டால் பெட்டி வேலை செய்ய மறுக்கும்படி எழுதினாய். "ஒருத்தி நித்திரையா இருந்தா?" என்று கேட்டாய்.

பேலியகொடை மீன் வியாபாரிகளின் குளிர் அறைகளுக்கும் அப்படியே செய்து கொடுத்தோம். உன் அப்பாவின் ஃப்ரிட்ஜுக்கு மட்டும் ஒரு தனி யோசனை. நாளுக்கு ஒரு முறை எப்படியும் எழுப்பத்தானே வேண்டும், அதை மணிக்கூடு பார்த்து எழுப்பாமல் அவர் காலையில் கதவைத் திறக்கிறபோது எழுப்பினால் ஒரே எழுப்பலில் இரண்டு செய்தி கிடைக்கும் என்றாய். பெட்டியும் இருக்கிறது, அப்பாவும் இருக்கிறார். கரண்ட்டை மிச்சம் பிடித்த சந்தோஷத்தில் உன் கண் மின்னியது.

ஓட்டோ கோட்டையைத் தாண்டி, புறக்கோட்டைக்குள் மூட்டை தூக்குகிறவர்களுக்கு நடுவே ஊர்ந்தது. மறுபடி அப்பாவுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. எனக்கு நீ போன அந்த நாள் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

பெட்டிகளுக்கு எல்லாம் ஒழுங்கு வைத்தோம். எங்களுக்கு வைக்கவில்லை. உன் ஃபோன் பழசு, பற்றரி ஊதிப்போனது, புதிதாக ஒன்று வாங்கடி என்றால் கேட்கமாட்டாய். அதையும் ஒரு பெட்டியைப் போலவே நடத்தினாய். அணைத்து வைப்பாய். மத்தியானம் ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம் திறந்து எல்லாருக்கும் ஒரே மூச்சில் பதில் போட்டுவிட்டு மறுபடி அணைப்பாய். நான் கோபப்பட்டால், "நான் கதைக்காட்டி நல்லா இருக்கிறன் எண்டு வச்சுக்கொள்," என்பாய். நானும் அப்படியே வைத்துக்கொண்டேன். நானாவின் கடையில் இருட்டுக்குள் உட்கார்ந்து நீ சொன்ன வார்த்தையும், நீ எனக்குச் சொன்ன இந்த வார்த்தையும் ஒன்றுக்கொன்று நேர் எதிர் என்பது எங்கள் இரண்டு பேரில் ஒருத்தியின் மூளைக்கும் எட்டவில்லை. அதுதான் இன்றைக்கும் என்னைத் தூக்கிவாரிப் போடுகிறது. இரண்டு கெட்டிக்காரிகள்!

அன்று நீ மருதானைக்கு வயர் வாங்கப் போனாய். தலையிடி என்று தைலம் பூசிக்கொண்டு போனாய் என்று பிறகு அப்பா சொன்னார். நான் உனக்கு மெசேஜ் போட்டேன்: மாப்பிள்ளைக்குப் புதுச் சட்டை வாங்கினாயா? போய்ச் சேரவில்லை என்கிற ஒற்றைக் கோடு விழுந்தது. உன் ஃபோன் அணைந்திருக்கிறது, வழக்கம்போல. பிறகு இன்னொன்று போட்டேன்: வரும்போது எனக்கு வடை. அதற்கும் ஒற்றைக் கோடு. நான் சோறு சமைத்தேன், துணி மடித்தேன், ஒரு வாடிக்கையாளரோடு சண்டை பிடித்தேன். அந்த நேரம் எல்லாம் நீ ஸ்டேஷனுக்கு வெளியே விழுந்து, முகம் தெரியாதவர்கள் தூக்கி, ஆஸ்பத்திரியில் கிடந்து, போயும் விட்டாய். பையில் அணைந்த ஃபோன். அடையாள அட்டையைப் பார்த்துத்தான் வீட்டைத் தேடிப் போயிருக்கிறார்கள்.

உன் அப்பா எனக்கு ஃபோன் அடித்தார். "பிள்ளை, பொலிஸ் வந்திருக்கு. நீ ஒருக்கா வாறியா?" என்றார். பெட்டிகளின் அனுமதிப் பத்திரத்தில் ஏதோ சிக்கல் என்று நினைத்துக்கொண்டு, ஃபைலையும் தூக்கிக்கொண்டு வந்தவள் நான். படியில் ஏறும்போது அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது, பொலிஸுக்கு என்ன சிங்களத்தில் சொல்வது என்று பாடமாக்கிக்கொண்டு வந்தேன்.

மூளைக்குள் இரத்தக்குழாய் வெடித்தது, யார் பக்கத்தில் இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். நம்புகிறேன். ஆகவே குற்றம் யாருடையது என்று பார்க்க இதை எழுதவில்லை. எனக்குத் திகைப்பு அடங்கவில்லை, அவ்வளவுதான். நீ இல்லாத உலகத்தில் நான் பாதி நாள் சாதாரணமாக இருந்திருக்கிறேன். வடை கேட்டிருக்கிறேன். அந்த இரண்டு மெசேஜுக்கும் பிறகு ஒரு நாள் இரட்டைக் கோடு விழுந்தது. அதைக் கண்டு கையில் இருந்த கோப்பையைப் போட்டு உடைத்தேன். உன் ஃபோனை யாரோ திறந்திருக்கிறார்கள், அப்பாவாகத்தான் இருக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்தினேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

உங்கள் படிகளில் நேற்று நான் ஏறியதை ஓடியது என்று சொல்ல முடியாது. கைப்பிடியைப் பிடித்து இழுத்து இழுத்து ஏறினேன். கதவைத் தட்டினேன். சத்தம் இல்லை. இரண்டு கையாலும் குத்தினேன். பக்கத்து வீட்டு மனிசி தலையை நீட்டினாள்.

கதவு திறந்தது. உன் அப்பா சாரத்தோடும் பெனியனோடும் நின்றார். கையில் பாதி கடித்த பாண் துண்டு.

"என்ன பிள்ளை, ஆர் துரத்தினது?" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பெரிய மனிதரை அடிக்காமல் விட்டது என் வீட்டார் செய்த புண்ணியம். "அங்கிள், ஃபோனை எடுக்க மாட்டீங்களா? இன்சுலின் போட்டனீங்களா? கதவைத் திறந்தனீங்களா? பெட்டிக்கு என்ன நடந்தது?"

"போட்டனான், போட்டனான். கத்தாத. உள்ளுக்கு வா."

ஃப்ரிட்ஜின் தலை வெறுமையாக இருந்தது. பெட்டி சாப்பாட்டு மேசையில், பிளக் வேறு, பற்றரி வேறு, வயர் வேறாக, விரித்த துவாய்த் துணியின் மேல் ஒழுங்காகக் கிடந்தது. உடைக்கவில்லை. நீ ஒரு நாள் அவருக்குக் காட்டிக் கொடுத்தபடி, கவனமாகக் கழற்றியிருந்தார்.

"நான்தான் கழட்டினனான்," என்றார்.

"ஏன்?"

அவர் உன் அறைக்குள் போனார். திரும்பி வந்தபோது கையில் உன் ஃபோன். முழுச் சார்ஜோடு எரிந்துகொண்டிருந்தது. நீ உயிரோடு இருந்தபோது ஒரு நாளும் நான் அப்படிப் பார்த்ததில்லை.

"இதை ஓஃப் பண்ண எனக்கு மனமில்ல பிள்ளை. அவள் எந்த நேரமும் ஓஃப் பண்ணித்தானே வச்சிருந்தவள். நான் சார்ஜில போட்டு வச்சிருக்கிறன். பூட்டுத் திறக்கத் தெரியாது. சும்மா எரியட்டும் எண்டு." அவர் கதிரையில் உட்கார்ந்தார். "ஒவ்வொரு நாள் காலமையும் நான் ஃப்ரிட்ஜத் திறக்கிறன். உடன அங்க அறைக்குள்ள இது அடிக்குது. போய்ப் பாத்தா, அப்பா: இருக்கிறேன். அடுத்த நாளும் திறக்கிறன். அடுத்த நாளும் அடிக்குது. அப்பா: இருக்கிறேன். ஆரடி உங்களுக்குச் சொன்னது, நான் இருக்கிறன் எண்டு அவளுக்குப் போய்ச் சொல்லச் சொல்லி? அவள் இல்லாம, நான் இருக்கிறன் எண்டு..."

 மற்றக் கையில் இருந்த பாணைப் பார்த்து, அதையும் ஃபோனையும் மேசையில் வைத்தார்.

 இரண்டு எண்களுக்குத்தான் அந்தச் செய்தி போகிறது என்பது எனக்குத் தெரியாதா? அந்த வரிசையை உன் பக்கத்தில் இருந்து நான்தானே அடித்துக் கொடுத்தேன்? முதலாவது உன் எண், இரண்டாவது என் எண். நீ போன பிறகு ஒவ்வொரு காலையும் எனக்கு வந்ததைப் பார்த்து நான் ஆறுதல் பட்டேன். அதே நேரத்தில் அதே வரி உன் மேசையிலும் எரிகிறது, ஒரு தகப்பன் பாதி ஊசியில் எழும்பிப் போய் அதை வாசிக்கிறார் என்று எனக்கு ஒரு நாளும் உறைக்கவில்லை. அந்த மனிதர் எத்தனை காலை அதைத் தாங்கிக்கொண்டு, என்னிடம் ஒரு சொல் சொல்லாமல் இருந்தார்! நீ அவருடைய மகள்தான். பேசாமல் இருப்பது உங்கள் வீட்டுச் சொத்து.

"எடுத்துவிடுறன் அங்கிள்," என்றேன். "இப்பவே எடுக்கிறன்."

பெட்டியைத் திரும்பப் பொருத்தி, மடிக்கணினியோடு இணைத்தேன். உன் எண் முதலாவதாக நின்றது. அழி என்கிற பொத்தானில் விரலை வைத்துவிட்டு அழுத்த முடியாமல் கொஞ்ச நேரம் இருந்தேன். அவர் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். "அழி பிள்ளை. அவள் ஒண்டும் நினைக்கமாட்டாள்," என்றார். அழித்தேன்.

பெட்டி வேலை செய்ய மறுத்தது. நீ எழுதி வைத்த உன் பிடிவாதம். இன்னொரு எண் வேண்டுமாம். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

"என்ரயப் போடு," என்றார் அவர்.

"உங்கட ஃப்ரிட்ஜ் உங்களுக்கே, நீங்க இருக்கிறீங்க எண்டு சொல்லி என்ன அங்கிள் பிரயோசனம்?"

"அதுவும் சரிதான்." கொஞ்சம் யோசித்தார். "அப்ப நானாவின்ரயப் போடு. கிட்ட இருக்கிறார், ஓடி வருவார்."

நானாவுக்கு அடித்துக் கேட்டேன். "இதக் கேக்கவும் வேணுமா மகள்?" என்றார். அவருடைய எண்ணைப் போட்டேன். பெட்டியை மறுபடி ஃப்ரிட்ஜின் தலையில் வைத்து, வயரை உள்ளே விட்டு, கதவை ஒரு முறை திறந்து மூடினோம். என் ஃபோன் அடித்தது. நாங்கள் இரண்டு பேரும் மேசையில் இருந்த உன் ஃபோனைப் பார்த்தோம். அது சத்தமில்லாமல் எரிந்துகொண்டிருந்தது. அவர் தலையை ஆட்டினார்.

நான் புறப்படும்போது அவர் வாசலில் நின்று கேட்டார்: "உன்ர வீட்டில பெட்டி இருக்கோ?"

"எனக்கு என்னத்துக்கு அங்கிள்? என்ர ஃப்ரிட்ஜில பாலும் பழைய குழம்பும்தான்."

"நீயும் தனியத்தானே இருக்கிறாய்."

 அவர் உள்ளே போய், உன் அலமாரியில் இருந்து செய்து முடித்த பெட்டி ஒன்றைத் துடைத்துக்கொண்டு வந்து என் கையில் வைத்தார். "என்ர நம்பரும் நானாவின்ர நம்பரும் போடு. நீ ஓடி வந்த மாதிரி நானும் ஓடி வரோணும் எண்டா எனக்குத் தெரியோணுமே."

நேற்றுப் பின்னேரம் அதை என் குசினியில் பொருத்தினேன். நீ போன நாளில் இருந்து எனக்குக் காலையில் எழும்புவது பெரிய பாடு, அதை உன்னிடம் மறைத்து என்ன? விழித்த பிறகும் படுக்கையில் கிடப்பேன். உன் அப்பாவின் செய்திக்காகத்தான் எழும்பி வந்து பல்கனியில் நிற்பேன், அது வந்ததும் மறுபடி போய்ப் படுத்துவிடுவேன். என்னிடம் இப்போது உன்னுடையது என்று மிஞ்சியிருப்பது அந்த ஒரு பிடிவாதம்தான்: நலமாக இருந்தாலும் சொல்லியே ஆக வேண்டும், இரண்டு பேருக்காவது சொல்லியே ஆக வேண்டும். எங்களுக்கு நாங்கள் வைக்காமல் விட்ட விதியை உன் அப்பா எனக்கு வைத்துவிட்டார்.

இன்று காலை எனக்கு ஃப்ரிட்ஜில் இருந்து ஒன்றும் தேவைப்படவில்லை. ஆனாலும் நான் திறக்காவிட்டால் அந்த மனிதர் பெனியனோடு ஓட்டோ பிடித்து வந்துவிடுவார் என்ற பயத்தில் எழும்பிப் போய்க் கதவைத் திறந்தேன். கொஞ்ச நேரத்தில் ஃபோன் அடித்தது.

"பிள்ளை, வந்தது," என்றார்.

"என்ன வந்தது அங்கிள்?"

"நீ இருக்கிறாய் எண்டு."

சரி என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தேன். அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் அங்கேயே நின்று அழுதேன் என்று தெரியாது. காலில் குளிர் ஏறியது. ஃபோன் மறுபடி அடித்தது.

"பிள்ளை, கதவு இன்னும் திறந்து கிடக்காம். பெட்டி சொல்லுது. சாத்து."

சாத்தினேன்.